தாயின் எடையும் பிள்ளையின் மூளையும்

(யூபிலி ஆண்டையொட்டி எரியோட்டில் நடந்த மாதர் கூட்டத்தில் பங்குத்தந்தை நிகழ்த்திய உரை)



யூபிலிக் கமிட்டியார் என்னிடம் வந்து, மாதர் கூட்டத்தில் என்ன பொருள் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் சற்றுத் திகைத்துப் போனார்கள். "சாமி, ஏதாவது ஞான விஷயமாப் பேசலாமே" என்றார் ஒரு பெரியவர். பிள்ளைகுட்டி இல்லாத சாமியாருக்குக் கர்ப்பவதியின் எடையைப் பற்றி என்ன பேச்சு என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நியாயமான சந்தேகம்தான். நான் டாக்டர் அல்ல. குருமடத்தில் தத்துவமும் வேத சாஸ்திரமும் படித்தவன். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஞானஸ்நானம் கொடுத்து வருகிறேன். ஞானத்தாயின் கையிலிருந்து பிள்ளையை ஒரு கணம் வாங்கும்போது, கை தானாகவே எடை போட்டுவிடுகிறது. இது மூன்று கிலோ, இது இரண்டே கால் என்று மனம் சொல்லிவிடும். பிறகு அதே பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்கு வந்து உட்காருகிறார்கள். ஒரு பிள்ளை ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறது. இன்னொன்றுக்குப் பத்துமுறை சொன்னாலும் நிற்பதில்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி எனக்குப் பல வருஷமாக இருந்து வந்தது. அதைத் தேடிப் படித்ததையும், என் வீட்டில் நடந்ததையும் உங்களிடம் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் என் வீட்டுக் கதை.

1982இலும் 1983இலும் மழை பொய்த்தது இங்கே நரைத்த தலைகளுக்கு நினைவிருக்கும். அப்போது எரியோடு, வேடசந்தூர் எல்லாம் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். குடகனாற்றில் மணல்தான் ஓடுகிறது என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்கள். வீட்டில் சோளக்கூழும், ரேஷன் அரிசி கிடைத்த நாளில் கஞ்சியும்தான். அந்தக் காலத்தில் என் அம்மா வாயும் வயிறுமாக இருந்தார்கள். எனக்கு வயது 12.

அப்போது கிராமங்களில் ஒரு திட்டம் நடந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுதான் எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1980இல், உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று நம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவியது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதம் ஒருமுறை தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் உணவு கிடையாது. எடை ஏறாமல் நின்றுபோன பிள்ளைக்கும், மெலிந்த கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும்தான் சத்துருண்டை. அந்தத் திட்டத்தின் சூட்சுமமே அதில்தான் இருந்தது. ஒருநாள் எடை பெரிதாக ஒன்றும் சொல்லாது. போன மாதத்துக்கு இந்த மாதம் ஏறியிருக்கிறதா என்பதுதான் சேதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

என் அம்மாவுக்கு உருண்டை கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து தின்னச் சொல்லித்தான் கொடுப்பார்கள். அம்மா பாதியை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்குப் பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தின்றவன் நான்.

இன்னொரு பக்கம் எங்கள் அப்பத்தா. "வயித்தக் கட்டுடி, பிள்ளை பெருத்தாப் பொறக்காது" என்று கடைசி மூன்று மாதமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கெட்டவர் அல்லர். ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பிள்ளை தலை திரும்பாமல் செத்த தாய்மாரைக் கண்ணால் கண்டவர். சிறிய பிள்ளை சுலபமாகப் பிறக்கும் என்பது அந்தப் பயத்தில் பிறந்த யோசனை. தம்பி பிறந்தான். வீட்டிலேதான் பிரசவம், எடை பார்க்க யாரும் இல்லை. "உழக்குக்குள்ள போட்டு எடுக்கலாம்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூன் மாதமே நான் சிறிய குருமடத்தில் சேர்ந்துவிட்டேன். அங்கே மணியடித்தால் சாப்பாடு, மூன்று வேளை. முதல் விடுமுறைக்கு வந்தபோது எனக்குக் கன்னம் உப்பியிருந்தது. அம்மா அப்படியே இருந்தார்கள்.

தம்பி தாமதமாகத்தான் பேசினான். ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படித்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு "மக்கு" என்று பெயர். அப்பா வேப்பங்குச்சியை எடுப்பார். நானும் விடுமுறையில் வந்து, நாலு இங்கிலீஷ் வார்த்தை படித்துவிட்ட பெருமையில் அவனைத் தடிமாடு என்று சொல்லியிருக்கிறேன். பல ஆண்டு கழித்து, பெரிய குருமடத்தில், ஒரு டாக்டர் வந்து எங்களுக்கு எடுத்த வகுப்பில் கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி பற்றிச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்னதும், பின்னால் நான் படித்ததும் இதுதான்.

கருத்தரித்து 28 நாட்களுக்குள் பிள்ளையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அஸ்திவாரமான நரம்புக் குழாய் மூடிவிட வேண்டும். அந்த 28 நாளில் பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரியாது. அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் என்கிற சத்து வேண்டும். கீரையிலும் பயறுகளிலும் உள்ள சத்துதான், ஆனாலும் சாப்பாட்டிலிருந்து கிடைப்பது பலருக்குப் போதுவதில்லை. கருத்தரிக்கும் முன்பே மாத்திரை சாப்பிட்டால் அந்த ஊனங்களில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று 1991இல் பல நாடுகளில் சேர்ந்து செய்த பரிசோதனையில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. நாம் என்ன செய்கிறோம்? மூன்றாம் மாதம் மசக்கை வந்து, ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு மாத்திரையைத் தேடுகிறோம். அதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

நரம்பு அணுக்களில் பெரும்பாலானவை கர்ப்ப காலத்தின் பாதிக்குள் உண்டாகிவிடுகின்றன. பிற்பாதியில் அவை ஒன்றோடொன்று கிளைவிட்டுப் பின்னிக்கொள்கின்றன, மூளையில் மடிப்பு விழுகிறது, எடை ஏறுகிறது. பிறக்கும்போது மூளை 350 முதல் 400 கிராம் இருக்கும். மூன்று கிலோப் பிள்ளையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மூளை என்று ஆகிறது. நம்மைப் போல் வளர்ந்த மனுஷனுக்கு ஐம்பதில் ஒரு பங்குதான். அப்படியென்றால் வயிற்றில் இருக்கிற பிள்ளை தாயிடமிருந்து வாங்கிச் சாப்பிடுவதில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

கடவுள் அமைத்த ஏற்பாடு ஒன்று இதில் உண்டு. தாய்க்குச் சாப்பாடு போதாதபோது பிள்ளையின் உடம்பு, கை கால் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு மூளைக்கு ரத்தத்தைத் திருப்பி விடுகிறது. அதனால்தான் மெலிந்து பிறக்கிற பிள்ளைக்குத் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. பஞ்சத்தில் வீட்டுத் தலைவி விதைநெல்லை மட்டும் தொடாமல் காப்பாற்றுகிற மாதிரி. ஆனால் பஞ்சம் நீண்டால் விதைநெல்லிலும் கை வைத்துத்தான் ஆக வேண்டும்.

இது வெறும் யூகமா, யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள், நமக்கு வெகு தூரத்திலும் இல்லை. மைசூரில் தென்னிந்தியத் திருச்சபையார் நடத்துகிற ஹோல்ட்ஸ்வர்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1934 முதல் அங்கே பிறந்த பிள்ளைகளின் எடையை எழுதி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய நோட்டுகளைக் கண்டு, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து முதியவர்களான பிறகு தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1997, 98இல் அதே ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பிறந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதில் ஞாபகசக்தி, கவனம், சொல்வளம் எல்லாவற்றையும் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பிறக்கும்போது எடையும் தலைச்சுற்றளவும் கூடுதலாக இருந்த பிள்ளைகள் சில சோதனைகளில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தில் ஃபோலிக் சத்து கூடுதலாக இருந்த பிள்ளைகளும் அப்படியே. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் அல்ல, சிறியதுதான். ஆனால் இருக்கிறது.

ஒரு நோட்டில் எடை எழுதி வைத்த ஒரு நர்ஸம்மாளின் சிரத்தை அறுபது, எழுபது வருஷம் கழித்து உலகத்துக்கே பயன்பட்டது பாருங்கள். நம் கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் எடைக்கும் ஒரு கட்டம் இருந்திருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. அது போகட்டும்.

ஹாலந்து தேசத்திலும் ஒரு சான்று உண்டு. 1944 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவுப் போக்குவரத்தை நிறுத்திவிட, நகர ஜனங்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைவாகவே ரேஷன் கிடைத்தது. அந்தப் பட்டினியில் வயிற்றிலிருந்த ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் வயதில், 19இல், அறிவுச் சோதனை எழுதினார்கள். மற்றவர்களுக்குக் குறைவில்லை! இதை நான் மறைக்க விரும்பவில்லை. சில மாதப் பட்டினியைப் பிள்ளையின் மூளை தாங்கிக்கொண்டது என்றுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டினி உச்சத்தில் இருந்தபோது கருவான பிள்ளைகளில் மனச்சிதைவு நோய் இருமடங்கு காணப்பட்டது. 56 வயதைத் தாண்டியபோது கவனத்தைச் சோதிக்கிற ஒரு பரீட்சையில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். ஆக, சேதம் எப்போதும் பள்ளிக்கூடத்து மார்க்கில்தான் தெரியும் என்று நினைக்கக் கூடாது.

இதுவரை மெலிவைப் பற்றிச் சொன்னேன். ஆனால் என் தம்பி பிறந்த காலம் போய்விட்டது. இப்போது நிலவரம் தலைகீழாகி வருகிறது. அரசாங்கம் எடுக்கிற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2005-06இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் எடை குறைந்தவர்கள், 21 பேர் எடை கூடியவர்கள். 2019-21இல் எடை குறைந்தவர் 12.6 பேர், எடை கூடியவரோ 40.4 பேர்! பதினைந்தே வருஷத்தில் இந்த மாற்றம். நம் பங்கிலும் பார்க்கிறேன். ஒரே தெருவில், ஒரு வீட்டில் மில் வேலைக்குப் போய் வந்து எலும்பும் தோலுமாக ஒரு மருமகள், எதிர்வீட்டில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற இன்னொரு மருமகள். இருவரும் ஒரே மாதம்.

எடை கூடினால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. எடை மிகுந்த தாயின் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே கூடுதலாக இன்சுலின் சுரந்து, கொழுத்து வளர்கிறது. பிறந்து கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நிற்கிறது, ஆனால் பிள்ளையின் இன்சுலின் நிற்பதில்லை. சில மணி நேரத்துக்குள் அதன் ரத்தத்தில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடலாம். கவனிக்காமல் விட்டால் அது மூளையைத் தாக்கும். பெரிய பிள்ளை என்று எல்லாரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அதோடு முன்னே சொன்ன நரம்புக் குழாய் மூடாத ஊனமும் மிகப் பருத்த தாய்மாரின் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது.

இதிலே நம் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட இடமுண்டு. சென்னை டாக்டர் வி. சேஷய்யா கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். எல்லாக் கர்ப்பிணிக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007இல் நம் மாநில அரசு உத்தரவிட்டது அவரது முயற்சியால்தான். அவர் சொன்ன முறை ஏழைக்கு ஏற்றது. வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வந்து காத்துக் கிடக்க வேண்டாம். எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை ரத்தம் பார்ப்பது. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். நம் பெண்கள் சிலர் அந்தத் தண்ணீர் குமட்டுகிறது என்று பாதியைக் கொட்டிவிட்டு வருவதாகக் கேள்விப்பட்டேன். கொட்டுகிறவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்?

தாயின் கனத்த எடை நேரடியாகப் பிள்ளையின் புத்தியைப் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் ஆராய்ச்சி நடந்து வருகிறது. நியூயார்க்கில் ஏழைக் குடும்பத்துத் தாய்மார் 368 பேரின் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. மிகப் பருத்த தாய்மாரின் ஆண்பிள்ளைகள் ஏழு வயதில் அறிவுச் சோதனையில் ஐந்து புள்ளியோ சற்று மேலோ குறைவாக வாங்கினார்கள். பெண்பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் பேச்சும் விளையாட்டும் புத்தகமும் இருந்த பிள்ளைகளிடம் குறைவு சற்றுத் தணிந்திருந்தது. ஆனால் மைசூரில் என்ன ஆயிற்று தெரியுமா? கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகள் சில சோதனைகளில் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகவே செய்தார்கள்! காரணம் சர்க்கரை அல்ல என்பது சொல்லாமலே விளங்கும். அந்த ஊரில் அந்தக் காலத்தில் சர்க்கரை வந்தது பெரும்பாலும் வசதியுள்ள, படித்த வீட்டுப் பெண்களுக்கு. அதனால், பருமனான தாயைக் கண்டதும் "உன் பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால், அது அறிவியலும் அல்ல, கிறிஸ்தவமும் அல்ல.

சரி, எவ்வளவு ஏற வேண்டும்? எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. கர்ப்பத்துக்கு முந்தின எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த, 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 40 கிலோ இருந்தால் விடை 17.8, மெலிவு. 50 கிலோ இருந்தால் 22.2, சரி. 60 கிலோ இருந்தால் 26.7, கூடுதல். 2009இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த கணக்கின்படி மெலிந்த பெண் கர்ப்ப காலத்தில் 12.5 முதல் 18 கிலோ ஏற வேண்டும். சரியான எடை உள்ளவள் 11.5 முதல் 16 வரை. கூடிய எடை என்றால் 7 முதல் 11.5 வரை, மிகப் பருமனாக இருந்தால் 5 முதல் 9 வரை போதும். நம் நாட்டு டாக்டர்கள் சாதாரண உடம்புள்ள பெண்ணுக்குப் பொதுவாக 10 முதல் 12 கிலோ என்று சொல்கிறார்கள். உங்கள் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்வதையே கேளுங்கள்.

பிள்ளை மூன்று கிலோதானே, மீதி எதற்கு என்று மாமியார்மார் கேட்பது எனக்குத் தெரியும். நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல், பனிக்குடத்து நீர் ஏறக்குறைய ஒரு கிலோ, கர்ப்பப்பை ஒரு கிலோ, தாயின் உடம்பில் கூடுகிற ரத்தம் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. மார்பு கனக்கிறது, உடம்பில் நீர் சேருகிறது, பிறகு பால் கொடுக்கத் தேவையான கொழுப்பைத் தாயின் உடம்பு முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. எதுவும் வீண் அல்ல.

இதற்காக இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று இரண்டு தட்டுச் சோறு போடுகிறார்களே, அது வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டு இட்லி சாம்பாரோடு, ஒரு கைப்பிடி நிலக்கடலை. அவ்வளவே! அளவைவிடச் சரக்குதான் முக்கியம். முருங்கை நம் மாவட்டத்துத் தோட்டப் பயிர். லாரி லாரியாக வெளியூருக்குக் காய் போகிறது, கீரை நம் கொல்லையில் பழுத்து உதிர்கிறது. தட்டைப்பயறு, மொச்சை, கம்பு, கேழ்வரகு, ஒரு முட்டை, அயோடின் கலந்த உப்பு. இரும்புச் சத்தும் அயோடினும் பிள்ளையின் மூளைக்கே போகிற சத்துகள். பேக்கரி பப்ஸும் பரோட்டாவும் எடையை ஏற்றும், இவற்றைத் தராது. கனத்த உடம்பில் ரத்தமில்லாத பெண்கள் இந்தக் காலத்து அதிசயம்.

எடை கூடிய சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து இளைக்கப் பார்க்காதீர்கள். அது பிள்ளைக்கு ஆபத்து. இளைக்க வேண்டிய காலம் கருத்தரிப்பதற்கு முன்பு. இங்கேதான் எனக்கும் வேலை இருக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று ஓலை வாசிக்க மூன்று வாரம் ஆகிறது. பந்தல்காரரையும் சமையல்காரரையும் தேடி அலைகிற அந்த மூன்று வாரத்தில், பெண்ணை ஒருமுறை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் எடையும் ரத்தமும் பார்த்து, ஃபோலிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் என்ன? இனிமேல் மணமக்களுக்கு நடத்துகிற பயிற்சி வகுப்பில் இதையும் சேர்க்கிறேன். மில்லுக்குப் போகிற பெண்கள் விடியற்காலை வேன் வந்துவிடும் என்று வெறும் டீயும் பன்னுமாக ஓடுகிறார்கள். நாலு வருஷம் அப்படி ஓடிச் சேர்த்த பணத்தில் நகை வருகிறது, 38 கிலோவில் மணப்பெண்ணும் வருகிறாள். நகையை நிறுத்துப் பார்க்கிறவர்கள் பெண்ணை நிறுத்துப் பார்ப்பதில்லை.

ஒருசந்தியைப் பற்றிப் பல பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போன தவக்காலத்தில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பெரிய வெள்ளியன்று ஒரு சொட்டு கஞ்சிகூட இல்லாமல் சிலுவைப்பாதை முடித்துவிட்டு மயங்கி உட்கார்ந்தாள். கேளுங்கள்: பதினெட்டு வயது முதல் அறுபது தொடங்கும் வரை ஒருசந்தி கடமை என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது, உண்மை. ஆனால் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அந்தக் கடமை கிடையாது. இது நான் இரக்கப்பட்டுக் கொடுக்கிற விலக்கு அல்ல, காலங்காலமாகத் திருச்சபை சொல்லிவருவது. விபூதிப் புதனுக்கும் இதுவே, நேர்ச்சை ஒருசந்திக்கும் இதுவே. நேர்ந்துகொண்டேனே என்று மனம் அடித்துக்கொண்டால் என்னிடம் வாருங்கள், வேறு புண்ணியத்துக்கு மாற்றித் தருகிறேன். தேவதாய் எலிசபெத்தம்மாளைத் தேடிப்போனபோது அந்த அம்மாளுக்கு ஆறாம் மாதம். ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினார்கள் என்று லூக்காஸ் எழுதுகிறார். என்ன வேலை செய்தார்கள் என்று எழுதவில்லை. அடுப்பங்கரையில்தான் இருந்திருப்பார்கள் என்று என் அபிப்பிராயம்.

ஆண்மக்களே, இனி உங்களுக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்த்தப்பட்டது. 14,000 ரூபாய் பணம், மீதிக்குப் பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு எல்லாம் அடங்கிய பெட்டி. பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதலில் பிரிக்கிற கை யாருடையது? பணம் எந்தக் கடையில் போய்ச் சேருகிறது? என் அம்மாவின் உருண்டையைத் தின்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்தப் பாவத்துக்கு எனக்கு 12 வயது என்ற சாக்கு இருந்தது.

தம்பியைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். அவன் மெலிந்து பிறந்ததால்தான் படிப்பு ஏறவில்லை என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. பஞ்சம், வறுமை, அடி, "மக்கு" என்ற பெயர் எல்லாம் சேர்ந்துதான் அவனை ஒடுக்கின. எட்டாம் வகுப்போடு நின்றவன், இன்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். நூற்றுக்கணக்கான சுற்றுகளை எண்ணிச் சுற்றும்போது ஒரு சுற்றுப் பிசகாது. பக்கத்தில் யாராவது பேசினாலும் எண்ணிக்கை தவறாது. மூளை பிறந்த பிறகும் இரண்டு மூன்று வருஷம் வேகமாக வளர்கிறது. பிறகும் கற்றுக்கொண்டே இருக்கிறது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால், பிறகு நல்ல உணவு, மடியில் வைத்துப் பேச்சு. இவை கிடைத்தால் விட்டதில் கொஞ்சமாவது பிடித்துவிடலாம். அவனைத் தடிமாடு என்று சொன்னதற்கு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க சாமி, அதெல்லாம் யாரு கணக்கு வச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி கம்பியைக் கையில் எடுத்தான். நான் வைத்திருக்கிறேன்.

நம் பகுதிக்கு இது புதிய பேச்சும் அல்ல. 1957இல் வேடசந்தூர்த் தொகுதியில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947இலேயே சின்னாளபட்டியில் தாய்மாருக்காகச் சிறு ஆஸ்பத்திரி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் பிறகு காந்திகிராமம் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. நம் வீட்டுப் பாட்டிமார் பலர் மாட்டுவண்டியில் போன இடம் அது.

இந்தத் தலைப்பை முன்கூட்டியே கேள்விப்பட்ட ஒரு பாட்டி போன வாரம் என்னிடம் கேட்டார்: "சாமி, என் மருமகளுக்கு ஏழு மாசம் ஆச்சு. நாலு கிலோதான் ஏறியிருக்கு. இனிமே சாப்பிட்டு என்ன பிரயோசனம், மூளைதான் முன்னாடியே உருவாயிருமே?" நல்ல கேள்வி. மூன்றில் இரண்டு பங்கு காலம் போய்விட்டது என்பது மெய். ஆனால் 35 வாரத்தில் பிள்ளையின் மூளை, 40 வாரத்தில் இருக்கப்போகிற எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். மீதி ஒரு பங்கு கடைசி ஐந்து வாரத்தில் சேருகிறது. அந்த மருமகளுக்கு அந்த வாரங்கள் இன்னும் வரவே இல்லை. பாட்டியம்மா இன்றைக்கு வந்திருக்கிறார், மூன்றாம் வரிசையில். நாளைக் காலையில் அவளைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள், தாய்சேய் அட்டையை மறக்க வேண்டாம்.

வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு நல்ல எடை மெஷின் வாங்கித் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் அது கோவில் தாழ்வாரத்தில் இருக்கும். சுகாதாரச் செவிலியரும் வந்து உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கர்ப்பிணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். போன மாதத்து எடையும் இந்த மாதத்து எடையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படும். துணைக்கு வருகிற மாமியார்மாரும் ஏறிப் பார்க்கலாம், தடையில்லை.

இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வெட்கப்படுகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம்.